மாமாவின் கையும் பத்து அபாயங்களும்: ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் நிகழ்வு ஆய்வு

ஆளும் பின்னணியும்

இந்த ஆய்வில் வருபவருக்கு வயது 37. ஆத்தங்குடியை ஒட்டிய சிற்றூர்க்காரர். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஒன்பது ஆண்டுகள் வளைகுடா நாடுகளில் சாரம் கட்டும் குழுக்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். 2020இல் கொரோனா வந்து வேலை போனதும் ஊர் திரும்பினார். கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றும் பணியில் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் என்னிடம் வந்தார். அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் காரைக்குடியில் தொழிற்பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன். அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்தவன். என் மாணவர்களில் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்களே. செட்டிநாட்டுக்குக் கடல் தாண்டிய பிழைப்பு புதிதில்லை. நகரத்தார் 'கொண்டு விற்க' பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். அந்தப் பணத்தில் இங்கே வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளுக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மஸ்கட்டுக்கும் தோகாவுக்கும் போகிறார்கள். சாரத்தில் ஏறுபவராகப் போனவர், அடுத்த முறை சாரத்தைச் சோதிப்பவராகப் போக ஆசைப்படுகிறார். அதற்கு அங்குள்ள கட்டுமான நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது நெபோஷ் சான்றிதழ்.

நெபோஷ் என்பது 1979இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட தேர்வு வாரியம். அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழுக்கு இரண்டு அலகுகள் உண்டு. முதல் அலகு எழுத்துத் தேர்வு. இரண்டாவது, ஒரு நிஜப் பணியிடத்துக்குப் போய் அங்குள்ள அபாயங்களை மதிப்பிட்டு எழுதும் செய்முறை அறிக்கை. இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். தமிழில் எழுத வழியில்லை. இவர் ஆங்கிலத்தில்தான் எழுதினார்.

38 மதிப்பெண்

2020 முதல் எழுத்துத் தேர்வு திறந்த புத்தக முறைக்கு மாறியது. வீட்டிலிருந்தே எழுதலாம், புத்தகத்தைப் பார்க்கலாம், 24 மணி நேரம் அவகாசம். இதைக் கேட்டதும் இவருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. 'புத்தகம் கையில் இருக்கும்போது என்ன சார் கவலை?' என்றார். நானும் அதை அழுத்தமாக மறுக்கவில்லை. இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன்.

தேர்வுத் தாளில் முதலில் ஒரு பணியிடத்தின் கதை வரும். யார் முதலாளி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அன்று என்ன நடந்தது, மேலாளர் என்ன சொன்னார், புதிதாகச் சேர்ந்தவருக்கு யார் வேலை சொல்லிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் ஒன்றிரண்டு பக்கம் விரியும். கேள்விகள் அந்தக் கதைக்குள்ளிருந்தே எழும். விடைக்கான சான்றையும் அதிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். மொத்த விடையும் சுமார் 3,000 சொற்கள்.

இவர் கதையை ஒரே ஒரு முறை படித்திருக்கிறார். கேள்வியில் 'மேலாண்மை' என்ற சொல்லைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறந்து 'திட்டமிடு, செய், சரிபார், திருத்து' என்ற சுழற்சியை வரி பிசகாமல் எழுதிவிட்டார். 'பயிற்சி' என்ற சொல்லைப் பார்த்ததும் பயிற்சியின் பன்னிரண்டு நன்மைகள். எழுதியவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் வரும் புதிய தொழிலாளிக்கு யாருமே எதையும் சொல்லித் தரவில்லை என்ற செய்தி இவருடைய விடைத்தாளில் ஓரிடத்திலும் இல்லை. தேற 45 மதிப்பெண் வேண்டும். இவருக்கு 38.

அந்த வாரமே வாட்ஸாப்பில் ஓர் ஆள் இவரைப் பிடித்துவிட்டார். தேர்வை அவர்களே எழுதித் தருவார்களாம், பணம் மட்டும் கொடுத்தால் போதுமாம். இந்த வியாபாரம் நம் பக்கத்தில் வெளிப்படையாகவே நடக்கிறது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். பிடிபட்டால் முடிவு ரத்தாகும். கட்டிய பணமும் போகும். பிடிபடாமல் போனால் விளைவு இன்னும் மோசம். நச்சுவாயு இருக்கிறதா என்று சோதிக்கத் தெரியாத ஒருவர், தொட்டிக்குள் இறங்கலாம் என்று அனுமதிச் சீட்டில் கையெழுத்திடுவார். அதை நம்பி இறங்குகிறவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான். இவர் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது கோபம் வந்தது. கேட்காமல் செய்திருக்கலாமே, என்னிடம் கேட்கத்தானே வந்திருக்கிறார் என்று பிறகு தோன்றியது. 'தம்பி, விடைத்தாளை மறுபடி நாம் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்' என்றேன்.

ஊருணிப் படி

உட்கார்ந்து பேசியதில் சிக்கல் ஆங்கிலத்தைவிட ஆழத்தில் இருந்தது தெரிந்தது. பாதுகாப்புப் பாடத்தின் அடிக்கல் ஹசார்ட், ரிஸ்க் என்ற இரண்டு சொற்கள். வகுப்பில் நான் முதலாவதை 'அபாயம்' என்றும் இரண்டாவதை 'இடர்' என்றும் சொல்லிவந்தேன். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றே. இவரும் இரண்டையும் ஒன்றாகவே எழுதியிருந்தார். பரீட்சகருக்கு முதல் பக்கத்திலேயே இது தெரிந்திருக்கும்.

அவருடைய ஊரில் ஓர் ஊருணி உண்டு. நான்கு பக்கமும் படிக்கட்டு. ஐப்பசி மழையில் நிரம்பினால் மேல் படிகள் மூன்றோ நான்கோதான் வெளியே தெரியும். நீருக்குள் இருக்கும் படியில் பாசி பிடித்திருக்கும். 'அந்தப் பாசிப் படி என்ன?' என்று கேட்டேன். 'ஆபத்து சார்' என்றார். 'சித்திரையில் தண்ணீர் வற்றிப் பாசி காய்ந்த பிறகு?' சற்று யோசித்தார். 'படி அதேதான். வழுக்காது.' 'ஐப்பசியில் யாரும் அந்தப் பக்கம் போகாவிட்டால்?' 'பாசி இருக்கும், விழ ஆள் இருக்காது.' 'குடம் இடுப்பில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஒரு பாட்டி தினமும் இறங்கினால்?'

அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாசிப் படி அபாயம். யார் இறங்குகிறார்கள், எத்தனை முறை, எந்த நேரத்தில், விழுந்தால் எவ்வளவு அடி என்பதெல்லாம் சேர்ந்தது ரிஸ்க். அவர் நோட்டில் தமிழில் இதை எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் தன் நடையில் எழுதிப் பார்த்தார். எழுதிய ஆங்கிலம் எளிமையாகவும் திருத்தமாகவும் இருந்தது. அதுவரை 'ஆங்கிலத்திலேயே யோசியுங்கள்' என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றோடு அதை விட்டுவிட்டேன். தமிழில் தெளியாத ஒன்றை ஆங்கிலத்தில் மனப்பாடம்தான் செய்ய முடியும்.

பட்டறையில் ஒரு காலை

செய்முறை அறிக்கைக்கு அவர் முதலில் கொண்டுவந்த வரைவு, வளைகுடாவில் இருக்கும் ஏதோ ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றியது. அந்த ஆலைக்குள் அவர் போனதே இல்லை. இணையத்தில் கிடைத்த மாதிரியைத் திருத்தி வைத்திருந்தார். 'சின்ன இடத்தைப் பற்றி எழுதினால் மதிப்பு இருக்காது சார்' என்றார். இந்த எண்ணத்தைப் பல மாணவர்களிடம் பார்க்கிறேன். பெரிய குழாய்களும் புகைபோக்கியும் இருந்தால்தான் அது பணியிடம் என்று நினைக்கிறார்கள்.

அவருடைய தாய்மாமன் நாற்பது ஆண்டுகளாக ஆத்தங்குடிக் கல் போடுகிறவர். எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை. 'அங்கே போய் ஒரு காலை முழுவதும் நில்லுங்கள், எதையும் எழுதாதீர்கள், பாருங்கள்' என்று அனுப்பினேன். அடுத்த முறை நானும் கூடப் போனேன்.

கல் போடும் விதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்துவார்கள். சட்டத்துக்குள் பூவேலைத் தகட்டு அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் நிறச் சாந்தைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை நடுங்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்குமேல் ஈரக் கலவையைக் கையால் அழுத்தி நிரப்பி, கரணையால் மட்டப்படுத்துவார்கள். சட்டத்தைக் கழற்றி ஒரு நாள் காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். பதம் வந்ததும் கண்ணாடி தானே கழன்று வரும். அதில் ஒட்டியிருந்த முகம்தான் பளபளப்பான மேற்பரப்பு. சூளையும் நெருப்பும் இல்லாத வேலை என்பதால் அதில் ஆபத்து இல்லை என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள்.

நாங்கள் போன அன்று மாமா காலை ஏழரைக்கே உட்கார்ந்திருந்தார். குத்துக்காலிட்டும் சம்மணமிட்டும் மாறி மாறி உட்காருகிறார். பகல் வரை எழுந்தது மூன்று முறை. கலவையை அழுத்தும்போது வலது கையின் கட்டை விரலும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் முழுப் பாரத்தையும் வாங்குகின்றன. கட்டை விரலின் நக ஓரத்தில் தோல் வெடித்து, வெடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் சிமெண்டு படிந்திருந்தது. விரல் மூட்டுகளின் மேல் தோல் தடித்துப் பொறிப்பொறியாக இருந்தது. மருமகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். 'சிமெண்டு வேலை என்றால் கை இப்படித்தான் இருக்கும், மாப்பிள்ளை. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும்' என்றார் மாமா. அந்தக் கை சோறு ஊட்டி வளர்ந்தவர் இவர். முப்பது ஆண்டுகளாகப் பார்த்த கை.

ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பி.ஹெச். அளவில் 12 முதல் 13 வரை போகும். அது தோலை அரிக்கும். அதோடு சிமெண்டில் சிறிதளவு இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பிறகு சிறிதளவு பட்டாலும் கை புண்ணாகும். ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் சிமெண்டில் இந்தக் குரோமியத்தின் அளவைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் இவர் படித்த புத்தகத்தின் வேதிப்பொருள் பாடத்தில் தொட்டுச் செல்லப்படுவதுதான். பாடமும் கையும் அன்று காலையில்தான் அவருக்குள் சந்தித்தன.

அறிக்கைக்குக் குறைந்தது 10 அபாயங்கள் வேண்டும். அவை குறைந்தது ஐந்து வெவ்வேறு வகைகளில் வர வேண்டும். எட்டுப் பேர் பட்டறையில் அத்தனை கிடைக்குமா என்று கவலைப்பட்டவர், மதியத்துக்குள் பதினான்கு எழுதிவிட்டார். ஈரச் சிமெண்டு. மணல் சலிக்கும்போது எழும் தூசி. அதில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கும். கண்ணாடித் துண்டுகளின் கூரான விளிம்பு. நெடுநேரக் குனிவு. ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடையுள்ள கற்களை எட்டெட்டாக அடுக்கித் தூக்குவது. தொட்டியோரத்து வழுக்கல். எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது, தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் ஒயர். மூன்று இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஈரத் தரையிலேயே கிடந்தது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று போதும் ஓர் உயிரைக் காக்க. அந்தப் பட்டறையில் அது இல்லை.

மூன்று நடவடிக்கைகள்

பத்து அபாயங்களையும் பட்டியலிட்ட பிறகு, அவற்றுக்கான நடவடிக்கைகளில் மிக அவசரமான மூன்றைத் தேர்ந்து, ஏன் அவை முதலில் என்று வாதிட வேண்டும். அறம், சட்டம், பணம் மூன்றின் வழியாகவும் வாதம் இருக்க வேண்டும். எத்தனை வாய்ப்பு, எவ்வளவு கேடு, சொல்லும் தீர்வு எவ்வளவு பலிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மின்கசிவுத் துண்டிப்பானும் புது ஒயரும் முதலாவதாக வந்தன. அதில் பேச்சே இல்லை. கண்ணாடி விளிம்புகளைத் தேய்த்து மழுக்குவது இரண்டாவது. ஒரு முறை செய்தால் போதும், செலவும் சொற்பம்.

மூன்றாவது மாமாவின் கை. 'கையுறை தர வேண்டும்' என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு வந்தார். நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டுப்பாடுகளுக்கு ஒரு படிவரிசை இருக்கிறது. அபாயத்தையே அகற்ற முடியுமா, குறைந்த கேடுள்ள ஒன்றை வைக்க முடியுமா, கருவியால் தடுக்க முடியுமா, வேலை முறையை மாற்ற முடியுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் வர வேண்டும். அதோடு, அச்சைத் தூக்குகிற நேரத்தில் தடித்த ரப்பர் கையுறை போட்டால் பூ கலைந்துவிடும் என்பது மாமாவிடம் கேட்டால் ஒரு நொடியில் தெரியும். கேட்காமல் எழுதிய நடவடிக்கையை யாரும் பின்பற்ற மாட்டார்கள்.

இவர் திரும்பப் போய் மாமாவோடு உட்கார்ந்தார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். நிறம் ஊற்றுவதற்கும் அச்சைத் தூக்குவதற்கும் வெறும் விரல் வேண்டும்; அங்கே கரண்டிக்காம்பை நீட்டினால் சாந்து விரலில் படாது. ஈரக் கலவையை அழுத்தும்போது விரல் நுணுக்கம் தேவையில்லை. அங்கே கைப்பிடி வைத்த மரக்கட்டையால் அழுத்தலாம், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன மெல்லிய கையுறையும் போடலாம். கை கழுவ ஒரே வாளித் தண்ணீரை நாள் முழுவதும் எல்லோரும் பயன்படுத்தினார்கள். அந்தத் தண்ணீரே காரம் ஏறிப்போயிருந்தது. அதற்குப் பதில் ஒரு குழாய். மரக்கட்டை யோசனை மாமாவுடையது. அதை அறிக்கையில் அப்படியே, தொழிலாளியின் யோசனை என்று குறிப்பிட்டு எழுதினார். எனக்கு அந்த வரி மிகவும் பிடித்தது.

சட்ட வாதத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக, மின்சாரம் பயன்படுத்தும் இடமானால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர் என்ற வரம்பிலிருந்துதான் தொடங்கியது. எட்டுப் பேர் பட்டறை அதற்கு வெளியே. கல் போடுகிறவர்களுக்கும், வீடுகளில் சுண்ணாம்பு அரைப்பவர்களுக்கும், பலகாரம் சுடுகிற பெண்களுக்கும் இதுதான் நிலை. ஆகவே அவர் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கையின் அடிப்படையில், பணியிடத்தையும் கருவிகளையும் தம்மால் இயன்றவரை பாதுகாப்பாக வைப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்று எழுதினார். தேர்வுக்கு அது போதுமானது. எனக்கு மனம் ஆறவில்லை. எட்டாவது ஆளின் நுரையீரலுக்கும் பத்தாவது ஆளின் நுரையீரலுக்கும் தூசி வேறுபாடு பார்ப்பதில்லை.

இரண்டாவது தேர்வு

மறுதேர்வு நாளில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு கதையை நான்கு முறை படித்தார். பெயர் வரும் இடமெல்லாம் கோடிட்டு, ஒவ்வொருவரும் என்ன செய்தார், என்ன செய்யத் தவறினார் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகே விடை. தேர்வுக்குப் பின் காணொலியில் ஒரு சிறு உரையாடல் உண்டு. விடைகள் அவருடையவைதானா என்று உறுதிசெய்வதற்காக. அதில் திக்கித் திக்கித்தான் பேசினார். ஆனாலும் எழுதியதற்குக் காரணம் சொல்ல ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எழுத்துத் தேர்வில் 61. செய்முறை அறிக்கையும் தேறியது.

இந்தச் சான்றிதழ் எதுவரை செல்லும்

இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுகிறார்கள். நெபோஷ் மட்டும் இருந்தால் தமிழ்நாட்டு ஆலையில் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர் ஆகிவிட முடியாது. அதற்கு அரசு ஏற்கும் தொழிற்பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமாவோ, கூடவே கல்வித்தகுதியும் அனுபவமும் வேண்டும். சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் கழகம் ஓராண்டு உயர்நிலை டிப்ளமா நடத்துகிறது. உள்ளூரிலேயே இருக்க விரும்புகிறவர்கள் முதலில் அந்தப் பக்கம் பார்க்கட்டும். வேலைவாய்ப்பும் கூடக்கூடும். பழைய சட்டத்தில் பொதுவாக 1,000 தொழிலாளர் இருந்தால்தான் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆகவும், அபாயகரமான ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் 250 ஆகவும் குறைத்திருக்கிறது.

இவருக்கு வெளிநாடுதான் இலக்கு. தேறிய நான்காம் மாதம் ஓமனில் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்தார்.

மீளாய்வு

அறிக்கையின் கடைசிப் பகுதியில், இந்த மதிப்பீட்டை எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பீர்கள் என்று எழுத வேண்டும். பலர் ஏதோ ஒரு தேதியை எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். பரீட்சகரும் அந்தத் தேதியில் வந்து பார்க்கப்போவதில்லை. இவர் ஓராண்டு கழித்து ஒரு தேதி எழுதியிருந்தார்.

அந்த நாள் வந்தபோது அவர் மஸ்கட்டில் இருந்தார். என்னைப் பட்டறைக்குப் போகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார். போனேன். மின்கசிவுத் துண்டிப்பான் பலகையில் இருந்தது. சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், வேலை செய்தது. ஒயர் சுவரின் மேலே ஏறியிருந்தது. கண்ணாடி விளிம்புகள் மழுங்கியிருந்தன, புதிதாக வாங்கிய ஆறு மட்டும் கூராகவே கிடந்தன. கைப்பிடி வைத்த மரக்கட்டையை எட்டுப் பேரும் பயன்படுத்துகிறார்கள். கையுறை அப்படியில்லை. வெயில் நாளில் வியர்த்துப் போகிறதென்று இரண்டு பேர் கழற்றி வைத்துவிட்டார்கள், மாமா விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே காணொலியில் காட்டினேன். மாமாவிடம் கொடுக்கச் சொன்னார்.

'மாமா, கையை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.'

மாமா வாசல் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தார். மூட்டுகளின் மேல் இருந்த தடிப்பு இறங்கியிருந்தது. இடது கையில் வெடிப்பு இல்லை. வலது கட்டை விரலில், கத்தரித்த கையுறைக்கு வெளியே நிற்கும் அந்த நுனியில், பழைய வெடிப்பு அப்படியே இருந்தது.

'அந்த விரலைக் கொஞ்சம் கிட்டே காட்டுங்கள்' என்றார். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. தேதியைச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

'மாமா, நுனி வரைக்கும் மூடி, ஆனால் இதைவிட மெல்லிசாக ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருகிறேன். போட்டுப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் தடுக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.'